தழும்பை விழுங்கிய லென்ஸ்

புதிதாகக் கமரா தூக்கியிருக்கும் பிள்ளைகள் என்னைக் காண வந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். கமராவைச் செய்த கம்பனியின் லென்ஸையே வாங்குவதா, அல்லது அதற்குப் பொருந்துகிற மாதிரி வேறொரு கம்பனிக்காரன் செய்து மலிவாய் விற்பதை வாங்குவதா? மலிவானது எத்தனை வருடம் உழைக்கும்?

அப்படி ஒரு மலிவு லென்ஸை வைத்துத்தான் நான் பன்னிரண்டு வருடம் வீட்டில் உலை வைத்தேன். ஆகவே பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. ஆனால் சொல்லத் தொடங்கினால் யூட்டின் முகம் வந்துவிடும். பேச்சு அறுந்துவிடும். எழுத்தில் அப்படி நடக்காது என்று நினைத்து எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பை விட்டு ஊருக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். அங்கே ஒரு ஸ்ரூடியோவில் வேலை பார்த்தேன். உடுக்கும் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்த கமரா தப்பியது. அதன் லென்ஸ் வழியில் நொறுங்கிப் போனது. மனைவியும் சின்ன மகள் வதனியும் பக்கத்தில் நிற்க, யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பழைய கடையில் அந்த லென்ஸை வாங்கினேன். யப்பானில் செய்தது, ஆனால் யாரும் கேள்விப்படாத பெயர். கடைக்காரர் அதைத் துணியால் துடைத்துக் கையில் தந்தார்.

"உது மாப்பிள்ளை இல்லைத் தம்பி, கூலியாள். நல்லா வேலை வாங்கும். சீராட்டப் போகாதையும்."

நல்லூரில், கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி ஓர் அறை எடுத்தேன். கல்நார் ஓட்டுக் கூரை. அங்கேதான் ஸ்ரூடியோ தொடங்கியது.

முதல் இரண்டு வருடம் அந்த லென்ஸில் எந்தக் குறையும் இல்லை. பிறகு அதைத் திருப்பும் றப்பர் வளையம் இளகிச் சுழன்றது. சைக்கிள் ரியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டினேன்; அது இன்றுவரை கிடக்கிறது. வெளியே தெரியும் பழுது பெரிய பழுதல்ல. உள்ளே நடந்ததுதான் பெரிது. கூரையின் வெக்கையில் உள்ளிருந்த கிரீஸ் உருகியது. அதன் ஒரு பகுதி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மெல்லிய தகட்டு இதழ்களுக்கு ஊர்ந்து போய் அவற்றை ஒட்டிவிட்டது. மூடவேண்டிய இதழ்கள் மூடாமல் சோம்பிக் கிடந்தன. மீதி ஆவியாகி உட்புறக் கண்ணாடியில் மென்மையான பனிப்புகாராய்ப் படிந்தது. வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாத புகார்.

இதனால் என் வியாபாரம் கெடவில்லை. கூடியது. ஒட்டிய இதழும் உட்புகாரும் சேர்ந்து எல்லா முகத்தையும் பால் மாதிரி ஆக்கின. பரு, மறு, சுருக்கம் எதுவும் விழாது. மருதனார்மடத்திலிருந்தும் அச்சுவேலியிலிருந்தும் கலியாணப் பேச்சுக்குப் படம் எடுக்கப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருமுறை புதுமாப்பிள்ளை ஒருவர் மனைவியோடு வந்து வாசலில் நின்று கேட்டார்:

"அண்ணை, நீங்கள் எடுத்த படத்திலை ஒரு பொம்பிளை இருந்தவ. அவவை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

அந்தப் பெண்பிள்ளை விடவில்லை. "உங்கடை படமும் இஞ்சை எடுத்ததுதானே. அந்த மாப்பிள்ளையையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கோ அண்ணை."

எல்லோரும் சிரித்தோம். லென்ஸ் ஒரே நாளில் கெட்டால் எவனுக்கும் தெரியும். ஒவ்வொரு மாதமும் ஒரு மயிரிழை கெடும்போது கண்ணும் அதோடு சேர்ந்து பழகிவிடும். எனக்கும் பழகிவிட்டது. வாடிக்கையாளருக்கும் பிடித்துவிட்டது.

திரேசம்மா குருநகர்க்காரி. கணவர் கடல் தொழிலை விட்டுக் கட்டாருக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். ஒரே மகன் யூட். அவனுக்கு அடையாள அட்டை எடுக்கும் வயது வந்தபோது, ஊர் அதிகாரியான விதானையாரிடம் கொடுக்கப் படம் வேண்டுமென்று கூட்டிவந்தாள். பையனின் இடது கண் ஓரத்திலிருந்து தாடை வரை ஒரு தழும்பு. ஏழு வயதில், கரையில் காய்ந்த தூண்டிலில் விழுந்து கிழிந்தது என்று அவளே சொன்னாள். படம் கழுவி வந்தபோது தழும்பைக் காணவில்லை. நான் நெகட்டிவைப் பென்சிலால் தொடக்கூட இல்லை, லென்ஸே விழுங்கிவிட்டது.

"பாருங்கோ அண்ணை, என்ரை பிள்ளை ராசா மாதிரி" என்றாள்.

யூட் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "ராசா எண்டால் ஏனம்மா விதானையாரிட்டைப் போறான்?"

ஒரு வருடம் போயிருக்கும். அப்போது சந்திக்குச் சந்தி, கடல் கடந்து வந்த இராணுவத்தின் காவலரண்கள்; நாங்கள் சென்றி என்போம். ஒரு காலை, நான் கதவு திறக்கும்போது திரேசம்மா படியில் இருந்தாள். செருப்பில்லை. சைக்கிளுமில்லை. குருநகரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"அண்ணை, சென்றியிலை யூட்டைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். சென்றியில் அட்டையைப் பார்த்திருக்கிறார்கள். படத்தில் தழும்பில்லை, முகத்தில் தழும்பு இருக்கிறது. படம் போன வருடம் எடுத்தது. அப்படியானால் தழும்பு இந்த வருடத்துக்குள் வந்தது. இந்த வயதுப் பையனுக்கு இந்த வருடம் இப்படிக் காயம் சண்டையில் அல்லாமல் வேறெங்கே வரும்? அதுதான் அவர்களுடைய கணக்கு.

"ஏழு வயசிலை வந்தது எண்டு குழறி அழுதன் அண்ணை. படம் பொய் சொல்லாதாம். தாய்தான் பொய் சொல்லுவாளாம்."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் வந்து சொல்லுங்கோ. உங்கடை கமரா அப்பிடித்தான் எடுக்கும் எண்டு சொல்லுங்கோ."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது, என்னையும் அவள் குற்றம் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அடையாள அட்டைப் படமும் கலியாணப் படமும் ஒன்றுதான். இரண்டிலும் முகம் நல்லாய் விழவேண்டும். அந்த முகத்தைச் சென்றியில் துவக்கோடு நிற்பவன் ஒருநாள் உற்றுப் பார்ப்பான் என்று நினைத்து எவரும் படம் எடுக்கவில்லை.

அவள் பேசிக்கொண்டிருக்க, என் மனம் வேறிடத்துக்குப் போனது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தகப்பன் மனம் அப்படித்தான் போகும். வதனிக்கும் அதே லென்ஸால்தான் அட்டைப் படம் எடுத்திருந்தேன். அவள் தினமும் ரியூசனுக்கு அதே சென்றியைக் கடந்துதான் சைக்கிளில் போகிறாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் அவளுடைய அட்டையை வாங்கிப் பார்த்தேன். படத்துக்காக மூக்குக் கண்ணாடியைக் கழற்றிய ஒரு பால் முகம். அருகில் என் மகள் கண்ணாடியோடு, கன்னத்தில் பருவோடு நின்றாள்.

"உது கடைப் பொம்மை அப்பா" என்றாள் வதனி. "சென்றியிலை என்னை மறிச்சால், பொம்மை முன்னுக்குப் போட்டுது, நான் பின்னாலை வாறன் எண்டு சொல்லுறன்."

"வாயை மூடு. நாளைக்கு ரியூசன் இல்லை."

"நாளையண்டைக்கு?"

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "இஞ்சாருங்கோ, அந்த மனிசிக்காக முகாமுக்குப் போகப் போறியளோ? உங்களையும் உள்ளை வைச்சிருந்தால் நாங்கள் ஆரிட்டைப் போறது?"

"நான் கதைச்சுப்போட்டு வந்திடுவன்."

"கதைச்சால் நம்புவாங்களோ? தாய் கதைச்சு நம்பேல்லை."

அவள் சொன்னது சரி. வாயால் சொல்லி ஆவதில்லை. லென்ஸ் தழும்பை விழுங்கும் என்பதை, அது விழுங்குவதைக் காட்டித்தான் நிறுவமுடியும். அதற்கு ஒரு முகம் வேண்டும். அவர்கள் சந்தேகப்பட முடியாத ஒரு முகம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், பிள்ளைகள். அன்று முழுக்க என் கை அந்த லென்ஸைக் கழற்றித் துப்புரவு செய்யத்தான் துடித்தது. மகளுக்கு உடனே வேறு படம் எடுக்கவேண்டும். இன்னும் எத்தனை பேர் என் பால் முகங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சென்றிகளைக் கடக்கிறார்களோ தெரியாது. ஆனால் லென்ஸைத் துடைத்தால் யூட்டுக்கு இருக்கும் ஒரே சாட்சியைத் துடைத்ததாகும். அழுக்கோடு அதை வைத்திருப்பதுதான் அன்றைக்கு வேலை. வதனியை வீட்டில் வைத்துக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, கமராவைச் சைக்கிளில் கட்டினேன்.

முகாம் வாசலில் திரேசம்மா நின்றிருந்தாள். அவளோடு இன்னும் நாலைந்து தாய்மார். கமராவைக் கண்டதும் சிப்பாய்கள் கத்தினார்கள். பையை அவிழ்த்துக் கொட்டினார்கள். கொழும்பில் பழகிய ஆங்கிலம் எனக்கு அன்று உதவியது. நான் படக்காரன், அந்த அட்டைப் படத்தை எடுத்தவன், அதில் பிழை இருக்கிறது என்றேன். நெடுநேரம் வெய்யிலில் நிறுத்திவிட்டு உள்ளே விட்டார்கள்.

அதிகாரி என் வயதுக்காரர். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு, நாவல் கொட்டை பதித்த மாதிரி. நான் சொன்னதைக் கேட்டார். எல்லாத் தாய்மாரும் ஒரு கதை கொண்டு வருகிறார்கள், படக்காரன் கதை கொண்டு வருவது இதுதான் முதல் தடவை என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஐயா, உங்களை ஒரு படம் எடுக்க விடுங்கள்" என்றேன். "அந்தப் பையனை எடுத்த மாதிரியே. நாளைக்குக் கொண்டுவருகிறேன்."

"என்னையா? ஏன்?"

சொல்லக்கூடாததைச் சொல்லவேண்டியிருந்தது. "உங்கள் முகத்திலும் தழும்பு இருக்கிறது, ஐயா."

சிரிப்பு நின்றது. ஒரு சிப்பாய் என் தோளில் கை வைத்தான். அதிகாரி தன் கன்னத்தைத் தடவினார். அந்த இடைவெளியில் வதனியின் சைக்கிள் மணியைத்தான் நினைத்தேன்; ஏனென்று தெரியாது. பிறகு அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

வெளியே வெய்யிலில் கொடிக் கம்பத்தோடு நிற்க விரும்பினார். வெய்யில் லென்ஸுக்குள் பாய்ந்தால் படம் இன்னும் வெளிறும். தழும்பு அடியோடு மறையும். எனக்கு இலாபம்தான். ஆனாலும் மறுத்தேன். யூட்டை எடுத்தது நிழலில், யன்னல் வெளிச்சத்தில். வெளிச்சம் வேறானால், பிறகு அதைச் சொல்லியே என்னை மடக்கலாம். விறாந்தை ஓரத்தில் மரவாங்கு போட்டு இருத்தினேன். இருட்டறையிலும் அப்படித்தான். படத்தை இன்னும் மென்மையாக்கும் தந்திரங்கள் எனக்குத் தெரியும். ஒன்றும் செய்யவில்லை. உண்மையைக் காட்டப் போகிறவன் அதற்கு உதவி செய்யப் போனால், பிடிபடும்போது உண்மையும் சேர்ந்து பொய்யாகும்.

மறுநாள் படத்தை மேசையில் வைத்தேன். பக்கத்தில் யூட்டின் படத்தின் பிரதி. அதிகாரி தன் படத்தைக் கையில் எடுத்து யன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அம்மைத் தழும்பு ஒன்றுமில்லை. கலியாணத்துக்கு முந்திய இளைஞன் போல் இருந்தார். பின்னால் நின்ற சிப்பாய் எட்டிப் பார்த்துத் தங்கள் மொழியில் ஏதோ சொல்ல, எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார்.

"இன்னும் மூன்று பிரதி வேண்டும்" என்றார். "மனைவிக்கும் தாய்க்கும் அனுப்ப வேண்டும்."

"தருகிறேன் ஐயா. பையன்?"

அவர் படத்திலிருந்து கண் எடுக்கவில்லை. பையனைப் பெரிய முகாமுக்கு முதலிலேயே அனுப்பியாகிவிட்டது. தான் செய்தி அனுப்புவதாகச் சொன்னார். குரலில் கோபமில்லை, அவசரமுமில்லை.

நான் வெளியே வந்தபோது திரேசம்மா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். "பறவாயில்லை அண்ணை" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்த மூன்று பிரதிகளையும் நான் சுத்தமாகக் கழுவிக் கொடுத்தேன்.

அதன்பிறகுதான் லென்ஸைக் கழற்றினேன். மலிவானதில் ஒரு நன்மை உண்டு: ஆணிகள் கண்ணுக்குத் தெரியும். மணிக்கூடு திருத்துபவரிடம் வாங்கிய சின்னத் திருகாணிச் சாவியால் ஒவ்வொன்றாய்த் திறந்தேன். மண்ணெண்ணெய் பாவித்தால் அதுவே எண்ணெய் விடும். ஸ்பிரிட் கிடைக்கவில்லை. வீட்டில் தலையிடிக்கு வைத்திருந்த ஓடிக்கொலோன் வாசனைநீரில் பஞ்சை நனைத்து இதழ்களையும் உட்கண்ணாடியையும் துடைத்தேன். ஸ்ரூடியோ ஒரு மாதம் காய்ச்சல்காரன் அறை மாதிரி மணத்தது. ஆனால் இதழ்கள் உயிர் பெற்றன. இதழ்கள் திறக்கும் வட்டத்தை எட்டாம் இலக்கத்துக்குச் சுருக்கி வதனியை எடுத்தேன். ஒவ்வோர் இமை மயிரும் விழுந்திருந்தது.

"இப்பதான் அப்பா என்ரை பருவெல்லாம் வீடு திரும்பியிருக்கு" என்றாள்.

அந்தப் படத்தோடு புது அட்டை எடுத்தோம். இருந்தும் அவள் வரப் பிந்தினால் வாசல் படலையடியில் போய் நின்றேன். அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்துவிட்ட பிறகும், இன்றைக்கும் நிற்கிறேன்.

யூட்டின் கதை ஊரெல்லாம் பரவி, சனம் வந்து குவிந்தது. எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "இருக்கிறபடி எடுங்கோ." மறுவைக் காட்டினார்கள், உடைந்த பல்லைக் காட்டினார்கள். அழகாய் எடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. என் தொழிலில் அவ்வளவு துக்கமான காலம் வேறில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: வாங்குங்கள். கைமுட்டாய் இருக்கும்போது மலிவு லென்ஸ் பிழையல்ல. இதழ்களை நடு இலக்கத்துக்குச் சுருக்கி எடுத்தால் விலை கூடியதற்கு அது பெரிதும் குறைவில்லை. றப்பர் போகும், கிரீஸ் போகும், கண்ணாடி நிற்கும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை ஒரே முகத்தை ஒரே வெளிச்சத்தில் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள். உங்கள் லென்ஸ் எதை விழுங்கத் தொடங்கியிருக்கிறது என்பது உங்களுக்கு முதலில் தெரியவேண்டும். சென்றியில் நிற்பவனுக்கல்ல.

யூட் மாரி மழை தொடங்கிய பிறகு வந்தான்.

திரேசம்மா அவனைக் குடைக்குள் அணைத்தபடி ஸ்ரூடியோவுக்குக் கூட்டிவந்தாள். பழைய தழும்பு அப்படியே இருந்தது. அதைத் தேடித்தான் காணவேண்டியிருந்தது. முகத்தில் அவ்வளவு புதியவை. ஒரு கண்ணிமை பாதி தொங்கியது. உதடு கோணலாய்ப் பொருந்தியிருந்தது.

"தகப்பன் படம் கேட்குது அண்ணை" என்றாள் திரேசம்மா. "ஆரோ பிள்ளையைப் பிடிச்சது எண்டு சொல்லிப்போட்டினம். நான் ஒண்டும் நடக்கேல்லை, விட்டிட்டாங்கள் எண்டு சொல்லியிருக்கிறன். அந்த மனிசன் இந்த முகத்தைக் கண்டால் அடுத்த பிளேனிலை வந்து நிக்கும். அங்கை நிண்டு உழைச்சால்தான் இவனையும் வெளிநாட்டுக்கு எடுக்கலாம்."

நான் கமராவை எடுத்தேன்.

"அந்தப் பழைய மாதிரி எடுங்கோ அண்ணை. பால் மாதிரி."

"தங்கச்சி, லென்ஸைத் துடைச்சுப்போட்டன்."

அவள் விளங்காமல் பார்த்தாள். இது எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் ஒரு பொருள், வேண்டியபோது பழையபடி ஆக்கலாம் என்பது போல் பார்த்தாள்.

யூட்டை அதே யன்னலருகில் இருத்தினேன். திரேசம்மா சீப்பால் அவன் தலையை வாரி, தொங்கும் இமையின்மேல் கொஞ்சம் மயிரை இழுத்துவிட்டாள். இதழ்களை முழுக்கத் திறந்து கமராவுக்குள் பார்த்தேன். எல்லாம் தெரிந்தது. நான் துடைத்த துடைப்பு அவ்வளவு சுத்தம். கமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, லென்ஸை என் முகத்துக்குத் திருப்பி, வாய் கிட்ட வைத்து ஊதினேன். என் மூச்சு கண்ணாடியில் வெள்ளையாய்ப் படிந்தது. அதற்குள்ளிருந்து இன்னும் ஓடிக்கொலோன் மணத்தது. திருப்பிப் பிடித்தேன். புகாருக்குள் ஒரு பையன் இருந்தான். ஓரத்திலிருந்து புகார் உலர்ந்துகொண்டே வந்தது. உலர்வு நடுவில் முகத்தைத் தொடுமுன் விசையை அழுத்தினேன்.

படம் வாங்க யூட் தனியாக வந்தான். உறையைப் பிரித்து நெடுநேரம் பார்த்தான். கோணல் உதடு அசைந்தது, சிரிப்போ என்னவோ.

"மாமா" என்றான், "உவனுக்கு ஒண்டும் நடக்கேல்லைப் போலை கிடக்கு."